முள் சொன்ன ஏழாயிரத்து அறுநூறு

பட்டறை
செவ்வாய், காலை

அன்புள்ள ஓட்டுநருக்கு,

இன்ஜின்காரி எழுதுகிறேன். நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்துணியை நாற்காலி மேல் போடாமல், நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் வாக்குவாதம் தொடங்குகிறது, மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் எழுதினால் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. "கடிதம் வருகிறது, அதைப் படிக்கும்வரை புது செட்டை மாட்டாதீர்கள்" என்று நேற்று ஒரு செய்தி அனுப்பினேன். நீங்கள் "சரி" என்று ஒரே சொல்லில் பதில் போட்டீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகளுக்குப் பரீட்சை முடிந்தது. கணக்கு நன்றாக எழுதியிருக்கிறாளாம். மற்றதைப் பற்றிக் கேட்டால் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நீங்கள் கியர்பாக்ஸ் பிரிக்கிற மேசையைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். அதன்மேல் யாரும் எதையும் வைப்பதில்லை. பக்கத்து மெஷின்கடை அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, "மச்சான் எப்பம்மா வர்றாரு?" என்று கேட்கிறார். வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எட்டு மாதமாக இதே பதில்தான். அவரும் நம்புகிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இன்ஜினை இயக்குகிற புது கம்ப்யூட்டரும் புது மீட்டரும் சேர்ந்த செட் இருபதாம் தேதி வருகிறது என்றும், அங்கே ஒரு ட்யூனர் எல்லாவற்றையும் புதிதாகவே அமைத்துத் தருவார் என்றும் எழுதியிருந்தீர்கள். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கு நான் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் சண்டை வரும், அதனால்தான் புதிது வாங்கினேன் என்றும் ஒரு வரி. அடுத்த வரியில், "நாலு வருஷமா 7600 தாங்குன இன்ஜின், இன்னும் ஒரு நானூறு தாங்காதா? 8000 வச்சுடப் போறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் கையில் இருந்த வால்வைக் கீழே வைத்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சாம்பல் வண்டியின் இன்ஜின் ஒரு நாளும் நிமிடத்துக்கு 7600 சுற்று சுற்றியதில்லை. நான் வைத்த லிமிட் 7000. மீட்டருக்குப் போகிற சிக்னலை மட்டும் கொஞ்சம் பெருக்கிவிட்டேன். 7000-இல் பெட்ரோல் நிற்கும்போது முள் 7600-இல் நிற்கும். நீங்கள் பார்த்தது முள்ளை. இன்ஜின் பார்த்தது நான் வைத்த எண்ணை.

இதை எழுதியபிறகு எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயப்படுத்த இல்லை, உங்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்பதற்காக. மலைப்பாதைப் போட்டிக்கு முந்தின வாரம் நினைவிருக்கிறதா? இன்ஜினை நான் கோத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டு 7400 என்றேன். நீங்கள் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி 7800-இல் ஆரம்பித்து, என்னைத் தூங்கவிடாமல் 7600-இல் முடித்தீர்கள். சரி, பிஸ்டனைப் பிடிக்கிற கனெக்டிங் ராடுக்கு வாங்கிய புது போல்ட்டுகள் வலுவானவை, தாங்கும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் புது போல்ட் போட்டால் ராடின் பெரிய வளையம் அந்த இறுக்கத்தில் ஒரு மயிரிழை வடிவம் மாறும். அதை மறுபடி கடைந்து வட்டமாக்காமல் இன்ஜினில் போடக்கூடாது. அந்த வாரம் பார்த்து மெஷின்கடை அண்ணனின் கடைசல் மெஷின் படுத்துவிட்டது. உதிரிபாகம் வர பத்து நாள் ஆகும் என்றார். போட்டியோ ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. நீங்கள் சட்டைகூடத் தேய்த்து மாட்டிவிட்டீர்கள்.

அதனால் பழைய போல்ட்டுகளையே துடைத்துத் திரும்பப் போட்டேன். ஏற்கனவே இரண்டு முறை இறுக்கிக் கழற்றியவை. போடுவதற்கு முன் எட்டு போல்ட்டுகளின் நீளத்தையும் அளந்தேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் துளி நீண்டிருந்தது. நீண்ட போல்ட் நீண்டதுதான், அது பழையபடி ஆகாது. அதைத் தூர எறிந்துவிட்டு நம் பழைய இன்ஜினிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டேன். மீதி ஏழும் அளவில் சரி. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு 7600 சுற்ற என் மனம் ஒப்பவில்லை. 7000 என்று வைத்தேன். அதை உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோபித்திருப்பீர்கள், பிறகு போட்டிக்குப் போகாமல் இருந்திருப்பீர்கள், இல்லை 7000-உடன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். எனக்கு இரண்டையும் பார்க்கத் தைரியம் இல்லை. ஞாயிறு மட்டும் கழியட்டும், திங்கள்கிழமை பிரித்துப் புது போல்ட் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு நீங்கள் நம் பிரிவில் முதலாவதாக வந்தீர்கள். பத்து பேர் வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். நீங்கள் என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "7600! இவ கட்டுன இன்ஜின்!" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். திங்கள்கிழமை எந்த வாயால் சொல்வேன்? அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. நான்காவது கியரில் வேகம் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறதே என்று நீங்கள் ஒரு தடவை கேட்டபோது, டயர் சுற்றளவு மாறியதால் என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். பாஸ்வேர்டு போட்டது திருட்டுக்குப் பயந்து என்றேனே, அது மூன்றாவது. புது போல்ட் எட்டும் இன்னும் பிரிக்காத டப்பாவிலேயே என் இழுப்பறையில் இருக்கின்றன.

கண்டுபிடித்தது நம் மகள். உங்கள் ஞாபகம் வரும்போதெல்லாம், நீங்கள் வண்டி ஓட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். போன வாரம் கிட்டார் சுருதி பார்க்கிற செயலி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முள் 7600 தொட்ட இடத்தில் சத்தம் நொடிக்கு 233 அதிர்வு என்று காட்டியிருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜினின் சுற்று தெரிய அதை முப்பதால் பெருக்க வேண்டும் என்று அவளுக்கு நான்தான் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தேன், என் வாய் சும்மா இருந்ததில்லையே. நேரே என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, முள்ளு 7600ங்குது, சத்தம் 7000ங்குது. ரெண்டுல எது பொய்?" என்றாள். நான் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பாகிட்ட நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. உங்கள் கடிதம் மூன்றாம் நாள் வந்தது.

அதனால்தான் இந்த அவசரம். நீங்கள் நானூறு கூட்டுவதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ஆயிரம் கூட்டுகிறீர்கள். பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் அதை இழுத்துப் பிடிப்பது அந்த போல்ட்டுகள்தான். நானூறு கிராம் பிஸ்டன்தான், ஆனால் 7000-இல் அந்த இழுப்பு ஒரு டன்னைத் தாண்டிவிடும், நொடிக்கு நூறு தடவைக்கு மேல். ஆயிரம் சுற்று கூடினால் அது ஏழில் ஒரு பங்கு கூடும் என்று தோன்றும். அப்படி இல்லை, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய போல்ட் ஒன்று விட்டுக்கொடுத்தால் ராட் இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் பின் டயருக்கடியில் கொட்டும். எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் எண்ணெயில் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்தய இன்ஜினைப் போட்டிக்குப் போட்டி பிரித்துப் பார்ப்பார்கள். நம்முடையது தெரு வண்டி. ஞாயிறு மலை ஏறிவிட்டுத் திங்கள் காலை மகளைப் பள்ளியில் விட்ட வண்டி. அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு எண் வைக்கும்போது இன்றைக்குத் தாங்குமா என்று கேட்டால் போதாது, யாரும் கவனிக்காத ஒரு நாளிலும் தாங்குமா என்று கேட்க வேண்டும். உங்களுக்கு இது அளவுக்கு மீறிய பயமாகப் படும். போகிற அன்று கதவருகே நின்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ எல்லாத்துக்கும் ஒரு லிமிட் வச்சுடுற. எனக்கும் சேர்த்து." அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது கோபத்தால் என்று நினைத்திருப்பீர்கள். குற்றவாளி வேறு எப்படி நிற்பாள்?

ஆனால் ஒன்றை நம்புங்கள். அந்த இன்ஜினின் பலம் 6600-இல் உச்சம். 7000-க்கு மேல் சத்தம்தான் கூடும், இழுவை குறையும். ஆக, அந்த மலைப்பாதையில் நீங்கள் எடுத்த நேரம் 7600-ஆல் வந்தது இல்லை. 7000-ஐ வைத்துக்கொண்டு எடுத்தீர்கள். மற்றவர்களுக்கு உங்களைவிடப் பெரிய எண்கள் இருந்தன. அந்த நேரம் என் இன்ஜினுடையது இல்லை, முழுக்க உங்களுடையது. இந்தப் பொய்யால் நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பெரிய பொருள் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். போனில் அந்தச் செயலியைப் போட்டு நீங்களே பாருங்கள். பார்த்தபின் திட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். புது செட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொய் சொன்ன இன்ஜின்காரி


வாடகை அறை
ஞாயிறு

இன்ஜின்காரிக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நேற்று காலை ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டுக்குப் போய், முள் 7600 தொடும்வரை ஓட்டிச் செயலியைப் பார்த்தேன். 233. திரும்பவும் ஓட்டினேன். மறுபடி 233.

நீ எழுதியதில் உள்ள நியாயமெல்லாம் புரிகிறது. எனக்கு ஆறவில்லை. 7400 என்றால் 7400-க்கு ஓட்டியிருப்பேன், 7000 என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது ஓட்டியிருப்பேன். நான் கோபித்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, எனக்குப் பதிலாக நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். நான்கு வருடம் எல்லோரிடமும் 7600 என்று தம்பட்டம் அடித்திருக்கிறேன். இங்கே வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தில்கூட எழுதியிருக்கிறேன். நான் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மகளிடம் சொல், அவள் காது அவள் அம்மாவுடையது, வாய் என்னுடையது. நல்ல வேளையாக மாறி அமையவில்லை.

செட் வந்துவிட்டது. டப்பாவைப் பிரிக்கவில்லை. ட்யூனரிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், இன்ஜின் கட்டியவரைக் கேட்க வேண்டும் என்றேன்.

பேரம் பேசவில்லை, கேட்கிறேன். எந்த எண்ணுக்கு மேல் போகக் கூடாது? உண்மையான எண்ணை எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ஓட்டுநர்


பட்டறை
வியாழன், மதியம்

அன்புள்ள ஓட்டுநருக்கு,

6500.

வேறு எதுவும் எழுதாதே என்றீர்கள். முயன்று பார்த்தேன். ஒரே எண்ணோடு காகிதத்தை மடித்து உறையில் போட்டேன், திரும்ப எடுத்துவிட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் வராது என்று உங்களுக்குத் தெரியும்.

7000 இல்லை, 6500. நான்கு வருடம் ஓடியிருக்கிறது, போல்ட்டுகளுக்கு வயதாகிவிட்டது. பழைய மீட்டரில் உங்களுக்கு அது 7050 என்று தெரியும். முள்ளின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், பொய்யான முள்ளுக்கு இனி கோடு எதற்கு? பழைய பெட்டியைத் திறந்து நீங்களே சரிசெய்யுங்கள். மீட்டர் என்ற பக்கத்தில் பெருக்கும் எண் ஒன்று இருக்கும், அதை 1 என்று மாற்றினால் போதும், முள் உண்மை பேசும். லிமிட் என்ற பக்கத்தில் 7000 இருக்கும், அதை 6500 ஆக்குங்கள். உங்கள் கையாலேயே.

பாஸ்வேர்டுக்கு மகள் பிறந்த நாளையும் நம் கல்யாண நாளையும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் இல்லை. 2413. மலைமேல் நீங்கள் எடுத்த நேரம், இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று. போட்டி முடிந்த அன்று சாயங்காலமே போட்டேன். சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, எதற்குப் பெருமைப்படுகிறேன் என்பதை மட்டும் வெளியே சொல்ல முடியவில்லை.

"எனக்குப் பதிலாக நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய்" என்ற வரி நெஞ்சில் தைத்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன், ஆறும்போது ஆறட்டும், அவசரமில்லை.

மெஷின்கடை அண்ணனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "அப்போ நாலு வருஷமா எம் மெஷின்தான் குற்றவாளியா?" என்று கேட்டார். பிறகு, ராடைக் கழற்றிக் கொண்டுவந்தால் அன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்றார். மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. புது போல்ட் டப்பாவை எடுத்து உங்கள் கியர்பாக்ஸ் மேசைமேல் வைத்திருக்கிறேன். எட்டு மாதத்தில் அந்த மேசைமேல் வைத்த முதல் பொருள். இந்தத் தடவை நீங்கள் இறுக்குங்கள், நான் அளக்கிறேன். ஒவ்வொன்றின் அளவையும் நீங்கள் சத்தமாகப் படித்துப் பார்த்தபின்தான் அடுத்தது. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணை முடிவு செய்வோம். நான் 7300 என்பேன், நீங்கள் 7600 என்பீர்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி, நீங்கள் சம்மதிக்காத எண்ணை நான் பெட்டியில் ஏற்ற மாட்டேன். நான் சம்மதிக்காததை நீங்களும் ஏற்றாதீர்கள். வேறு விஷயங்களுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை பிடித்திருந்தால் போல்ட் மாற்றும்வரை இங்கே இருந்துவிட்டுத் திரும்பிப் போங்கள், தடுக்க மாட்டேன். தடுக்கிற வேலையை இனி பெட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, பயந்த புத்தியில் ஒன்று. வருகிற வழியில் அந்த நீண்ட இறக்கம் இருக்கிறதே, அங்கே கவனம். லிமிட் என்பது பெட்ரோலைத்தான் நிறுத்தும். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை தவறி இரண்டில் விழுந்தால் சக்கரமே இன்ஜினைப் பிடித்துச் சுற்றிவிடும். அப்போது நான் வைத்த எண் எதுவும் காப்பாற்றாது. அந்த இடத்தில் நம்ப வேண்டியது ஓட்டுகிறவரின் கையை மட்டும்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் கையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கைப்பிடியைப் பிடித்ததில்லை. அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்து சொல்லாமலே இருந்துவிட்டேன்.

மகள் சுருதி செயலியோடு வாசலில் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். தெருமுனையில் திரும்பும்போதே எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவாளாம். அவளை ஏமாற்ற முடியாது, மெதுவாகவே வாருங்கள். எட்டு மணி நேரப் பாதை பத்து மணி நேரம் ஆகட்டும். பட்டறைக் கதவில் உங்கள் வண்டி நிற்கிற பக்கத்தை நான் பூட்டுவதில்லை.

என்றும் உங்கள்,
இன்ஜின்காரி